இரண்டு தொழுவத்துக்கு ஒரு ஜெனரேட்டர்

ஐந்தாவது நாளாக உறைமழை பெய்கிறது. எங்கள் கியூபெக் பள்ளத்தாக்கில் குளிர் தேங்கிக் கிடக்கிறது. அதன் தலைமேல் வெதுவெதுப்பான காற்று ஏறி உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது. மேலிருந்து தண்ணீராக விழுவது பட்ட இடத்திலேயே கண்ணாடியாகிவிடுகிறது. கூரைகளில் நான்கு விரற்கடைப் பனிக்கட்டி. மேப்பிள் மரங்கள் துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்துகொண்டே இருக்கின்றன. பண்ணைக்காரி கொலெத்தின் தொழுவ வாசலில், டிராக்டரில் மாட்டிய ஜெனரேட்டர் உறுமுகிறது. மின்கம்பிகள் அறுந்து மின்சாரம் போனதிலிருந்து, பால் கறக்கும் இயந்திரத்தை ஓட்ட இரண்டு வீட்டுக்கும் இது ஒன்றுதான். சாலைக்கு அப்பால் பக்கத்துப் பண்ணை ரெஜானின் நாற்பது மாடுகள், நேற்றிலிருந்து கறக்காத மடியோடு, விடியலிலிருந்து கதறுகின்றன.

"ரெண்டு மணி நேரம்னுதானே பேச்சு? கழட்டு!" ரெஜான் ஜெனரேட்டரில் கை வைக்கிறான்.

"இன்னும் பதினாறு மாடு கறக்காம நிக்குது. அதுவரைக்கும் போயி உன் பொண்டாட்டிக்கு விறகு பொள."

"என் மாடு வலி தாங்காம கத்துறது கேக்கலையா, பாவி?"

வைக்கோல் வாரும் கவையின் காம்பால் கொலெத் அவன் மணிக்கட்டில் அடிக்கிறாள். அவன் அவள் கழுத்துப்பட்டையைப் பற்றி இழுக்க, இருவரும் பனிக்கட்டியில் விழுகிறார்கள். கால் ஊன்ற இடமில்லை. எழ முயல்கிறவரை மற்றவர் இழுத்துச் சாய்க்கிறார். அவன் பல்லெல்லாம் இரத்தம். அவள் முழங்கை அவன் தொண்டையில் அழுந்துகிறது. பெரிதாக ஏதோ முறிகிறது. இன்னொரு மரமென்று இருவரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. பிறகு அவள் கை தானாகத் தளர்கிறது.

"ரெஜான்," என்கிறாள். "கேளு."

சாலைக்கு அப்பால், அவன் தொழுவத்தின் கூரை இருந்த இடத்தில் வெறும் வானம். நாற்பதில் ஒரே ஒரு மாடு கத்துகிறது.