கயல்விழி சொன்ன முடிவு

மனம் பூரித்தால், எல்லோரும் கட்டியிருக்கும் கைப்பட்டையில் பச்சை விளக்கு எரியும். பரிந்துரைத்த புத்தகம் வாசகருக்குப் பிடித்ததா என்று நூலகர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். சனிக்கிழமைகளில் நூலகர் கயல்விழி புது நாவலைப் பற்றி நாலு வரி சொல்வதற்குள் என் கணவர் கையில் பச்சை எரிந்துவிடும். என் பேச்சுக்கு அது ஒருநாளும் எரிந்ததில்லை.

இந்த வாரம் கயல்விழி சொன்ன நாவலை அவருக்கு முன்பே நான் படித்து முடித்தேன். தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"கடைசியில அந்த மாலுமி திரும்பி வரவே மாட்டான். ஆறிடும், சாப்பிடுங்க."

"தெரியும்டி."

"எப்படி? உங்க கயல்விழி யாருக்கும் முடிவைச் சொல்ல மாட்டாளே."

"எனக்கு மட்டும் சொன்னாங்க."

சொன்னதும் இடக்கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தரையெல்லாம் பச்சை வெளிச்சம் விழுந்தது.