மஞ்சள் ஜீப்பின் போர்வை

பழைய ஜீப்புகளை வாங்கிச் சேர்க்கும் எட்வினின் கொட்டகையில் பச்சை ஜீப்புதான் மூத்தவள். தினமும் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவள். ஒருநாள் லாரியிலிருந்து ஒரு மஞ்சள் ஜீப்பை இறக்கி, மெத்தென்ற போர்வை போர்த்தினார்கள். பச்சைக்கு வயிறு எரிந்தது.

"ஓடவே முடியாதவளுக்கு இவ்வளவு சீராட்டா?"

"அதனால்தானே அக்கா சீராட்டு," என்றாள் மஞ்சள். "எனக்கோ பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள ஆசை."

பச்சையின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மறுநாள் எட்வின் எத்தனை முறை சாவியைத் திருகியும் அவள் முனகக்கூட இல்லை.

மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் பச்சையின் கார்புரேட்டரைக் கழற்றி மஞ்சளுக்கு மாட்டினார். மஞ்சள் உறுமினாள். பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். எட்வின் போர்வையை எடுத்துப் பச்சையின் மேல் போட்டார்.

போர்வை மெத்தென்றுதான் இருந்தது. பிள்ளைகளில் சின்னவள் வழக்கமாகப் பாடும் பாட்டு, வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.