திருப்பிக் கொடுத்தவனுக்குப் பரிசு

"அடுத்தவன் வீட்டுக் கதவைத் தள்ளித் தள்ளிப் பாக்கது ஒரு பொழப்பாலே?"

சங்கரசுப்பிரமணியன் மகனைக் கேட்டார். விஜய்சங்கர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தள்ளிப் பாக்கச் சொல்லி அவனே போர்டு வச்சிருக்கான்ப்பா. திறந்துக்கிட்டா வந்து சொல்லு, பரிசு தாரேங்கான்."

"எவன்?"

"வெளிநாட்டுக் கம்பெனி. பேங்க் மாதிரிதான். ஆனா மேனேஜரு, கேஷியரு யாரும் கிடையாது. கம்ப்யூட்டர்ல எழுதி வச்சதுதான் எல்லாம். அதுவே டெபாசிட் வாங்கும், அதுவே அடகு பிடிக்கும். எழுதினதுல ஒரு தப்பு இருந்தா மொத்தமும் போயிரும். அதான் தப்பைச் சொல்லுதவனுக்குப் பரிசு."

"நீ கண்டுபிடிச்சிட்டியாக்கும்?"

"பிடிச்சிட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடகுக்கு வர்ற கம்ப்யூட்டர் நாணயம் என்ன விலைன்னு ஒரே ஒரு சந்தையிலதான் கேக்குது. அந்தச் சந்தையில ஒரு நிமிஷம் விலையை ஏத்திவிட்டா போதும். பித்தளையைத் தங்கம்னு வச்சு, இருக்கதை எல்லாம் அள்ளிட்டுப் போயிரலாம்."

"உரசிப் பாக்காமலா அடகு பிடிக்கான்? நம்ம பஜார்ல எவனும் இப்படி ஏமாற மாட்டானே."

முப்பத்தோரு வருடம் ரேஷன் கடையில் எடை போட்டவர் அவர். அரிசியில் ஒரு கிராம் அடித்தார் என்று சங்கரன்கோவிலில் ஒருவரும் சொன்னதில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்றுதான் சொல்வார்கள்.

உள்ளறையில் விஜய்சங்கரின் அம்மா கோமதித்தாய் படுத்திருந்தாள். நுரையீரலில் கட்டி. தினம் ஒரு மாத்திரை போட்டால் கட்டி வளராமல் நிற்கும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாத்திரை காப்பீட்டு அட்டையில் வராது. ஒரு மாத மாத்திரைக்கு எண்பதாயிரம். ராயகிரியில் இருந்த மனை போய்விட்டது, சங்கிலி போய்விட்டது. இருபது மாத்திரைதான் மிச்சம்.

விஜய்சங்கர் குரலைத் தாழ்த்தினான்.

"நானே எடுத்தா என்னப்பா? யாரு எடுத்தான்னே தெரியாது."

"எடு" என்றார் அவர். "ஆனா அந்தக் காசுல வாங்குத மாத்திரையை உங்கம்மைக்கு நீதான் குடுக்கணும். நான் என் கையால குடுக்க மாட்டேன்."

அன்றைக்கே அவன் எல்லாவற்றையும் விவரமாக எழுதி, ஆதாரங்களோடு கம்பெனிக்கு அனுப்பினான்.

நாலாம் நாள் பதில் வந்தது. நீங்கள் சொல்வது ஏட்டளவில் சரி, நடைமுறையில் நடக்காது, எனவே பரிசுக்கு உரியதல்ல, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

"நன்றின்னா போட்டிருக்கான்?"

"ஆமாப்பா."

"மரியாதை தெரிஞ்சவன்தான்."

விஜய்சங்கர் மூன்று முறை திரும்ப எழுதினான். பதில் இல்லை. தப்பைத் திருத்தவும் இல்லை.

அடுத்த இரண்டாவது வாரம் நடந்துவிட்டது. அவன் எழுதியிருந்த அதே வழியில், எவனோ ஒருவன் பன்னிரண்டு விநாடியில் எண்பது கோடி ரூபாயை எடுத்துவிட்டான்.

சங்கரசுப்பிரமணியன் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு வந்தது.

"இனிமே உனக்குத் தந்துதானலே ஆகணும்? நீ முன்னாலேயே சொன்னதுக்குத் தேதி இருக்குல்லா?"

"இருக்கு. எழுதியிருக்கேன்."

அவனுக்குப் பதில் வரவில்லை. கம்பெனி திருடனுக்குத்தான் கடிதம் எழுதியது, எல்லோரும் பார்க்கும்படி. விஜய்சங்கர் அதை அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னான்.

"மதிப்புக்குரிய ஐயா, பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீதி ஒரு பங்கை, பிழையைக் கண்டுபிடித்ததற்கான பரிசாக நீங்களே வைத்துக்கொள்ளலாம். வழக்குப் போட மாட்டோம்."

"திருடனுக்கா ஐயா போட்டிருக்கான்?"

"அங்கன அதான் வழக்கமாம்."

இரண்டு நாளில் திருடன் ஒன்பது பங்கைத் திருப்பிக் கொடுத்தான். நல்லெண்ணம் கொண்ட ஆய்வாளருக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி என்று கம்பெனி அறிவித்தது.

"அப்ப அவனுக்கு எட்டுக் கோடி" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

"ஆமா."

"இனி அது திருட்டுப் பணம் கிடையாது."

"கிடையாது. பரிசு."

"உனக்கு?"

"எனக்கு அன்னைக்கே பதில் சொல்லியாச்சாம். இனிமே எழுதாண்டாம்னு இன்னைக்குக் காலையில வந்துச்சு."

பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கோமதித்தாய் இருமினாள். நின்றது என்று நினைத்தபோது மறுபடி இருமினாள்.

"உங்கம்மைக்கு மாத்திரை ஒண்ணுவிட்டு ஒருநாள்தான் குடுத்துக்கிட்டு வாரேன்" என்றார். "டாக்டரு குறைச்சிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். தேவலைன்னு நம்பிக்கிட்டுக் கிடக்கா."

அப்பா பொய் சொல்லி விஜய்சங்கர் கேட்டதில்லை. நீ செய்ததுதான் சரி என்று ஒரு வார்த்தை இப்போது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடலாம்.

சங்கரசுப்பிரமணியன் எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வந்து மகன் தோளை ஒட்டி உட்கார்ந்தார். கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார்.

"ஏலே, இதே மாதிரி தப்பு உள்ள கம்பெனி வேற ஏதாவது பாத்து வச்சிருக்கியா?"