ரவுட்டருக்கு ஏற்ற இடம்

டல்லாஸிலிருந்து பேசிய பெண்மணியின் முகம் லேப்டாப்பில் மூன்றாவது முறையாக உறைந்து நின்றது. இன்னொரு முறை இணைப்பு அறுந்தால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். கோடேஸ்வர ராவுக்கு வேர்த்தது.

"ஏவண்டி, ரவுட்டரைக் கொண்டுபோய் சமையலறையில ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சா, நெட்டு எப்படி இந்த ரூம் வரைக்கும் வரும்?" என்றாள் மனைவி அனசூயா.

"மின்சாரச் சாமானெல்லாம் அக்னி மூலையிலதான் இருக்கணும்."

"வாஸ்து சித்தாந்திக்கு ரவுட்டரைப் பத்தி என்ன தெரியும்?"

"சித்தாந்தியைக் குறை சொல்லாதே! சித்தாந்தின்னா தெனாலி ஊரே கையெடுத்துக் கும்பிடுது."

"கும்பிட்டா நெட்டு வருமா? பேசாம கூடத்து நடுவுல வைங்க."

"ஐயையோ! வீட்டுக்கு நடுவுல பிரம்மஸ்தானம். அங்க ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது."

அனசூயா விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். ரவுட்டரை ஒயரோடு இழுத்து வந்து, கூடத்தின் நடுவில் ஒரு முக்காலி மேல் வைத்தாள். சற்று நேரத்தில் படம் பளிச்சென்று தெளிந்தது.

"நமஸ்காரம் சித்தாந்தி காரு!" என்று கைகூப்பினார் டல்லாஸ் பெண்மணி. "புது வீட்டுல எல்லாம் நீங்க சொன்னபடிதான் வெச்சிருக்கோம். நெட்டு மட்டும் நத்தையா ஊருது. ரவுட்டரை எங்க வைக்கணும்?"

கோடேஸ்வர ராவ் மனைவி நின்ற பக்கம் திரும்பாமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீட்டுக்கு நடுவுல வைங்கம்மா. அபூர்வமான பரிகாரம், எல்லாருக்கும் சொல்றதில்லை."