மூக்கில் ஒரு பிழை

மாத்தளை நகர மண்டபத்தில் ஓவியக் கண்காட்சியின் கடைசி நாள். நிகாப் அணிந்த ஒரு பெண் றுக்ஸானா செய்த படத்துக்கு முன்னால் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். நேற்றும் வந்து நின்றவள்தான்.

சாக்குத்துணியில் முகம், தென்னந்தும்பில் சுருள்முடி, சட்டையில் ஒரு பழைய பித்தளைப் பொத்தான். வெள்ளைக்காரன் படையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முப்பாட்டன் அவர். அவருடையதென்று வீட்டில் மிஞ்சியது அந்தப் பொத்தானும் றுக்ஸானாவின் சுருள்முடியும் மட்டுமே. ‘இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று படத்தின் கீழே எழுதி வைத்திருந்தாள். இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“இது பிழை” என்றாள் அந்தப் பெண்.

றுக்ஸானா எதிர்பார்த்ததுதான். “மார்க்கத்துல உருவம் செய்யக் கூடாதுன்னு வாப்பாவும் ஏசினாங்க, ராத்தா. இன்னையோட கழட்டிடுவேன்.”

“அதில்ல. மூக்கு பிழை. இன்னும் அகலம். கீழுதடும் இன்னும் தடிப்பு.”

“போட்டோ ஒண்ணும் இல்ல. நானா நெனச்சு செஞ்சது. அவர் மொகம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அந்தப் பெண் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆண்கள் யாரும் இல்லை. முகத்திரையை மெல்லத் தூக்கினாள்.

றுக்ஸானா அந்த மூக்கைப் பார்த்தாள். பிறகு உதட்டை.

“யட்டவத்த கிராமத்துல இதே மொகத்தோட நாங்க பதினோரு பேர் இருக்கோம்” என்றாள் அவள். “அவரோட சின்ன மகன் டவுனுக்குப் போனாராம். அவர் புள்ளைங்க எங்கன்னு எங்க உம்மா மவுத்தாகுற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க.”