கணப்புக்கு நானூறு கல்

சித்திரை மாத உச்சி வெயிலில், குடை பிடித்துக்கொண்டு பாலாற்றங்கரைச் செங்கல் சூளைக்கு வந்தார் ஸ்ரீனிவாசராகவன். செங்கல்பட்டில் அவர் கட்டிவரும் புது வீட்டுக் கூடத்தில், உட்கார்ந்து குளிர் காய ஒரு கணப்பு வேண்டுமாம்.

சூளையில் கல் பிரிக்கும் செங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இன்னா சாமி, ஊரே வெந்துகினு கீது. நீங்க வூட்டுக்குள்ள வேற நெருப்பு மூட்டப் போறீங்களா?”

“குன்னூர் எஸ்டேட் ஆபீஸ்ல முப்பது வருஷம் ஹெட்கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவன் நான். தொரை பங்களாவுல இருந்த மாதிரியே ஒண்ணு எனக்கு வேணும். நல்ல கல்லாப் பொறுக்கிக் குடு.”

செங்கம்மாள் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். கணீரென்றது.

“இது நல்லா வெந்த கல்லு.” வேறொரு கல்லைத் தட்டினாள். “இத்த கேளுங்க, சத்தமே செத்துக் கீது. நெருப்பு பட்டா உதுந்துபூடும்.”

“சத்தம் சரி. நிறம் போறாதே? தொரை பங்களாக் கல் ரத்தச் சிவப்பா இருக்கும்.”

மறுபடி சூளைமேல் ஏறினாள். நிறம் சரியாக இருந்தால் முனை மழுங்கியிருந்தது. முனை சரியாக இருந்தால் ஒரு நூல் கோணியிருந்தது. அவர் குடை நிழலில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இப்படி மூன்று நாள். நானூறு கல் தேறுவதற்குள் செங்கம்மாளின் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது.

“உன் காது இருக்கே, அது காது!” என்று மெச்சினார் ஸ்ரீனிவாசராகவன்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “என் கையால பொறுக்கின கல்லு சாமி. ஒண்ணு வெடிச்சாலும் என்ன கேளுங்க.”

கணப்பு எழும்பியது. ஊர் சிரித்தது.

“அவர் ஆத்துல ரெண்டு அடுப்பாம், ஓய்! ஒண்ணுல சாதம் வேகுமாம். இன்னொண்ணுல அவரே வெந்துப்பாராம்!” வக்கீல் சாரங்கபாணி கோர்ட்டு வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார்.

மனைவி ருக்மிணிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. “அந்த எடத்துல ஒரு பீரோவாவது போட்டிருக்கலாம்” என்றாள்.

ஆவணியில் கிரகப்பிரவேசம் ஆயிற்று. கணப்பு சும்மா கிடந்தது.

கார்த்திகையில் மாமல்லபுரம் பக்கம் புயல் அடித்தது. செங்கல்பட்டில் மூன்று நாள் விடாத மழை, எலும்பைக் குடையும் ஊதல் காற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்ரீனிவாசராகவன் சவுக்குக் கட்டை அடுக்கி நெருப்பு மூட்டினார். கோர்ட்டிலிருந்து தொப்பலாக நனைந்து வந்த வக்கீலும் இன்னும் இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தாங்களாகவே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

“அடடா, சுகமா இருக்கே!” வக்கீல் கையை நீட்டிக் குளிர் காய்ந்தார். “தப்பா நெனைக்காதீர். உமக்கு ஏன் இந்த ஆசைன்னு எங்களுக்குப் புரியவே இல்லை.”

ஸ்ரீனிவாசராகவன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினம் காலம்பற தபாலைத் தொரைக்குப் படிச்சுக் காட்டணும். அவன் கணப்புப் பக்கத்துல சாஞ்சுண்டிருப்பான். அவன் நாய் காலடியில படுத்துண்டிருக்கும். நான் வாசப்படிக்கு வெளியில நிக்கணும். குன்னூர்க் குளிர் தெரியுமோல்லியோ? விரல் மரத்துப்போய்க் கடுதாசு கீழே விழும். முப்பது வருஷம், ஓய்...”

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ருக்மிணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

அப்போது வாசலில் குரல் கேட்டது.

“சாமி! நம்ம கல்லு எரியுதாமே? ஒரு தபா பாத்துட்டுப் போறேன்.”

செங்கம்மாள். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, குளிரில் பல் கிட்டிப்போய், முதல் படியில் கால் வைத்திருந்தாள்.

ஸ்ரீனிவாசராகவன் பதறி எழுந்தார்.

“ஏய், ஏய்! படியேறாதே! அங்கேயே நில்லு. அங்கேருந்தே நன்னாத் தெரியும், பாரு!”

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மழையில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்ரீனிவாசராகவன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“எங்கே விட்டேன்? ஆங்... முப்பது வருஷத்துல ஒருநாள், ஒரே ஒருநாள், ‘உள்ளே வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை ஓய், அந்தப் பாவி!”