கடைசிப் பெட்டி

இன்றைக்குப் பந்தைப் பிடிக்கக் கூடாது.

கோல்கீப்பரிடம் இப்படிச் சொல்வதும், கடைக்காரியிடம் வந்தவர் கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பு என்பதும் ஒன்றுதான். கை சும்மா இருக்காது.

அவள் கையுறை போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

கோல் கோட்டின் மேல் பதினாறு அட்டைப்பெட்டிகள் வரிசையாக நின்றன. பனியன் அனுப்புகிற காலிப் பெட்டிகள். கோச் ஓபின்னா கொண்டுவந்தவை.

நைஜீரியாவிலிருந்து திருப்பூருக்கு டி-ஷர்ட் வாங்க வந்த மனிதர். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார். பேரம் பேசிப் பேசிக் கற்ற தமிழ். அதில் 'கொஞ்சம் கொறைங்கக்கா' உண்டு. கோபப்படச் சொல் கிடையாது.

மைதானத்து வாசலில் பேனர். நிறவெறியை உதைப்போம்.

அவரவரைக் குத்திய சொல்லை அவரவர் பெட்டியில் எழுத வேண்டும். பிறகு பந்தால் அடித்துச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

காக்கா. கரிச்சட்டி. வடக்கன். அஸ்ஸாமிலிருந்து வந்த ரூபாலியின் பெட்டியில், சப்பமூக்கு சைனா.

ஓபின்னாவுக்கும் ஒரு பெட்டி. கோணல் எழுத்தில், குரங்கு. தமிழில் அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

அவளும் முதலில் கரிச்சட்டி என்றுதான் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் சொல்வது. கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போனது.

ஓபின்னா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"இது இல்ல. ரொம்ப வலிக்கிறது எழுது."

அவள் பெட்டியைத் திருப்பினாள். மறுபக்கத்தில் எழுதினாள்.

ஷேடு பீஸ்.

ஒரே சாயத்தொட்டியில் ஊறினாலும் ஏதோ ஒரு பனியன் மட்டும் கூடுதலாகச் சாயம் குடித்துக் கறுத்து வரும். அது கப்பல் ஏறாது. தெருக்கடைக்கு வரும். அவள் அம்மா நடத்துவது அப்படி ஒரு கடை.

அக்கா வெளுப்பு.

இவள் ஷேடு பீஸ்.

திட்டும்போது அம்மா அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவதெல்லாம் தலைவாரும்போது. காய்ச்சலில் சோறு ஊட்டும்போது. கொஞ்சுகிற சொல்.

எழுதுவதற்குத் துணிச்சல் வந்ததற்கு ஒரே காரணம், இன்று ஞாயிறு. கடையில் நிற்க இடமிருக்காது. அம்மா வர மாட்டாள்.

அம்மா வந்திருந்தாள்.

மற்ற அம்மாக்களுக்கு நடுவில், மடியில் தூக்குவாளி. நிச்சயம் எலுமிச்சைச் சாறு. மகளுக்காகக் கடையைச் சாத்திவிட்டு வந்த பெருமை முகமெல்லாம்.

அவள் பெட்டியைத் திருப்பி வைக்க ஓடினாள். அதற்குள் ஓபின்னா விசில் ஊதிவிட்டார்.

தன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கால் இரண்டையும் ஒட்டி வைத்து. எழுத்து முழுதும் மறைகிற மாதிரி.

பந்துகள் வந்தன. அவள் பிடிக்கவில்லை.

காக்கா சாய்ந்தது. வடக்கன் சாய்ந்தது. ரூபாலி மூன்றாவது உதையில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள். குரங்கு வலை வரைக்கும் பறந்தது. ஓபின்னா தலைக்கு மேல் கையைத் தூக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாதான் அதிகம் தட்டினாள்.

ஒரு பெட்டி மிச்சம்.

"கீப்பர், நீ வா. உன்னோடது."

அவள் நகரவில்லை.

"வா."

நகர்ந்தாள்.

அம்மாவின் கண் பெட்டிக்குப் போனது. உதடு எழுத்துக் கூட்டியது.

தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மா எழுந்தாள். மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தாள்.

"ஆரு கண்ணு உன்னைய இப்படிச் சொன்னது?"

அவள் முதுகுக்குப் பின்னால் கைகளை இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"பேரச் சொல்லு சாமி. எவனா இருந்தாலும் வீட்டுக்கே போயி நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வந்தர்றேன். எம்புள்ளையப் பாத்துச் சொல்றதுக்கு என்ன தைரியம்!"

அம்மாவின் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

நடிப்பில்லை. கடையில் கண்ணீர் விட்டுப் பேரம் பேசுகிற அம்மாவை அவளுக்குத் தெரியும். இது வேறு.

"நீ தள்ளு. இத நான் ஒதைக்கறேன். நீ போயி உன்ற எடத்துல நில்லு."

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா செருப்பைக் கழற்றினாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். ஓபின்னா சிரித்துக்கொண்டே பந்தை வைத்துக் கொடுத்தார்.

அம்மா உதைத்தாள்.

பந்து உருண்டு வந்தது. அவசரமே இல்லாமல், புல்லில் தட்டித் தட்டி, நேராகப் பெட்டியைப் பார்த்து.

"விடு, விடு," என்றார் ஓபின்னா.

பின்னால் கோத்திருந்த கைகள் பிரிந்தன.

விழுந்து பிடித்தாள். வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மைதானமே சிரித்தது. எல்லோரையும்விட அம்மா சத்தமாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடி மற்ற அம்மாக்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"விடுன்னாப் புடிக்கறா பாருங்க. ஏ ஷேடு பீஸு, ஏன்டி புடிச்ச?"

சிரிப்பு ஒவ்வோர் இடமாக நின்றது.

கடைசியாக அம்மாவிடம் நின்றது.

அம்மா பெட்டியைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள். முட்டியில் மண். பெட்டியை விட்டு விலகிக் கம்பத்தோரம் போய் நின்றாள். பந்தைக் கையால் மெதுவாக உருட்டிவிட்டாள்.

"இன்னொருக்கா ஒதைம்மா."

பந்து அம்மாவின் வெறுங்காலைத் தொட்டு நின்றது.